ஃபிரான் போவுக்குப் பிறகு எதை விளையாடுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்ற மாதம் 'ஃபிரான் போ' விளையாட்டை முடித்தேன். அந்தச் சிறுமியும் அவளுடைய கருப்புப் பூனையும் அந்த மாத்திரைப் புட்டியும் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. அதைப்போலவே இன்னொன்று வேண்டும் என்று தேடி, ஓர் இணையக் கடை 'இதை ஒத்தவை' என்று காட்டிய இரண்டு விளையாட்டுகளை வாங்கினேன். இரண்டும் கையால் வரைந்த படங்கள் கொண்டவை. இரண்டிலும் ஒரு சிறுமிதான் நாயகி. இரண்டிலும் இரத்தத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் ஒன்றைக்கூட ஒரு மணி நேரத்துக்குமேல் தொடர முடியவில்லை. குறை என்னிடமா, அந்த விளையாட்டுகளிடமா? கதையும் புதிரும் திகிலும் சேர்ந்த இத்தகைய சிறிய விளையாட்டுகளை எப்படித் தேடுவது?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: குறை உங்களிடம் இல்லை, அந்த விளையாட்டுகளிடமும் இருக்க வேண்டிய அவசியமில்லை. தேடிய வழியில்தான் இருக்கிறது. இணையக் கடைகள் காட்டும் இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் அடையாளச் சொற்களை வைத்துப் பொருத்தப்படுபவை. எடுத்துக்காட்டாக, ஸ்டீம் கடையில் 2014 முதல், விளையாடுபவர்களே ஒரு விளையாட்டுக்குத் 'திகில்', 'கையால் வரைந்தது', 'பெண் நாயகி', 'புதிர்' என்பன போன்ற சொற்களைச் சூட்டலாம். அந்தச் சொற்கள் எதுவும் பொய்யல்ல. ஆனால் அந்த விளையாட்டு பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன. அதற்குள் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இரவு ஒரு மணிக்கும் எழுந்து போக மனமில்லாமல் எதற்காக உட்கார்ந்திருந்தீர்கள் என்பதைச் சொல்வதில்லை. முகச்சாயலை மட்டும் வைத்து உறவினரைத் தேடினால் இப்படித்தான் அமையும்.

இதை விளையாடியிராத வாசகர்களுக்காகச் சில வரிகள். 'ஃபிரான் போ' என்பது சுவீடனில் கணவனும் மனைவியுமாக இருவர் நடத்தும் கில்மண்டே கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2015 ஆகஸ்டில் வெளியிட்ட விளையாட்டு. கதை நடப்பது 1944இல். பெற்றோர் கொலையுண்டு கிடப்பதைக் கண்ட பத்து வயதுச் சிறுமி ஃபிரான், ஒரு மனநல விடுதியில் அடைக்கப்படுகிறாள். அங்கே அவளுக்குக் கொடுக்கப்படும் மாத்திரையை விழுங்கினால், அவள் நிற்கும் அதே அறை வேறு முகம் காட்டுகிறது: சுவர்களில் இரத்தமும் எழுத்துகளும் தோன்றுகின்றன, நிழலுருவங்கள் நிற்கின்றன. தன் பூனையைத் தேடி அவள் விடுதியிலிருந்து தப்புவதிலிருந்து கதை வளர்கிறது. முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, ஏனெனில் அந்த முடிவுக்குப் பொருள் என்ன என்பதில் விளையாடியவர்களிடையே இன்றுவரை உடன்பாடு இல்லை.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அந்த விளையாட்டு உங்களை முதன்முதலாகப் பற்றிக்கொண்ட கணம் எது? 'கதை பிடித்தது' என்று பொதுவாகச் சொல்லாமல், அந்தக் கணத்தில் உங்கள் கையும் மனமும் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை ஒரே ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். இந்தக் கேள்வியை நான் நண்பர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஒரே விளையாட்டை ஒரே அளவு விரும்பியவர்கள், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத காரணங்களைச் சொன்னார்கள். அந்தக் காரணங்கள்தாம் அவர்களை அடுத்த விளையாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

சிலர் மாத்திரையைச் சொல்வார்கள். ஓர் அறையை ஒருமுறை பார்த்துவிட்டு, மாத்திரை விழுங்கி அதையே மறுமுறை பார்த்து, இரண்டுக்கும் இடையே என்ன மாறியிருக்கிறது என்று தேடுவதில்தான் அவர்களுக்கு இன்பம். இவர்களுக்கு உந்துதல் கண்டறிதல். கதை அவர்களுக்கு அந்தத் தேடலின் கூலி. நீங்கள் இந்த வகையினர் என்றால், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் இயங்கும் ரஸ்டி லேக் குழுவினரின் விளையாட்டுகளை முதலில் எடுங்கள். 2015இல் வந்த 'கியூப் எஸ்கேப்: சீசன்ஸ்' என்பதில் ஒரே அறையை வெவ்வேறு பருவங்களில், வெவ்வேறு ஆண்டுகளில் பார்க்கிறீர்கள்; ஒரு காலத்தில் செய்தது இன்னொரு காலத்தில் விளைகிறது. அதே ஆண்டு வந்த 'ரஸ்டி லேக் ஹோட்டல்' விளையாட்டில் விலங்குத் தலையோடு கூடிய ஐந்து விருந்தினர்கள் வருகிறார்கள். இரவுக்கு ஓர் அறையாகப் போய் அங்குள்ள புதிரை நீங்கள் அவிழ்க்க, அந்தப் புதிரின் விடையே அந்த விருந்தினரின் சாவாக அமைகிறது. கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக மகிழும் அதே நொடியில் செய்த செயல் உறைக்கும்படி அமைத்திருக்கிறார்களே, திகில் விளையாட்டுகளில் நான் கண்ட மிக நுட்பமான ஏற்பாடுகளுள் இது ஒன்று. ஓவியத்தில் இதற்கும் ஃபிரான் போவுக்கும் ஒற்றுமை குறைவு. ஆனால் மாத்திரையை விரும்பியவர் இங்கே வீடு திரும்பியதாக உணர்வார்.

வேறு சிலர், 'ஃபிரான் சொல்வது உண்மையா என்பது தெரியாமல் தவித்தேன்' என்பார்கள். அவர்கள் புதிர்களைப் பொறுத்துக்கொண்டவர்கள். அவர்கள் அவிழ்க்க விரும்பியது ஃபிரானின் மனத்தை. கதை சொல்பவரே எதையோ மறைக்கிறார், அல்லது தனக்கே மறைத்துக்கொள்கிறார் என்ற ஐயம்தான் அவர்களை நடத்திச் செல்கிறது. அவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது தைவானைச் சேர்ந்த ரெட் கேண்டில் கேம்ஸ் 2017இல் வெளியிட்ட 'டிடென்ஷன்'.

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தைவானில் 1949 முதல் 1987 வரை, 38 ஆண்டுகள், இராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்தது. தடைசெய்யப்பட்ட நூலை வாசித்ததற்காகவும், வாசித்தவரைக் காட்டிக்கொடுக்காததற்காகவும் மக்கள் சிறைசென்ற காலம் அது, உயிரிழந்தவர்களும் உண்டு. 'டிடென்ஷன்' 1960களில், மலையடிவாரப் பள்ளி ஒன்றில் நடக்கிறது. சூறாவளி எச்சரிக்கையால் வெறிச்சோடிய பள்ளியில் ஒரு மாணவனும் ஒரு மாணவியும் சிக்கிக்கொள்கிறார்கள். திரையில் எல்லாம் பக்கவாட்டில் நகரும் தட்டையான படங்கள்தாம். தாழ்வாரத்தில் உலவும் ஆவிகளைக் கடக்க நீங்கள் செய்ய வேண்டியது மூச்சை அடக்கிக்கொண்டு மெல்ல நடப்பது மட்டுமே. அந்த மூச்சடக்கல் ஒரு விளையாட்டு உத்தியாகத்தான் தொடங்குகிறது. பேசக் கூடாததைப் பேசாமல் இருப்பதற்குப் பழகிப்போன ஒரு நாட்டின் பழக்கம் அது என்பது போகப்போகப் புரிகிறது. கதையின் நடுவில், யாருடைய கண்வழியே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே மாறிப்போய், 'யார் காட்டிக்கொடுத்தது?' என்ற கேள்வி பேயைவிடக் கனமாக வந்து நிற்கும். மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய படைப்பு. 2019இல் திரைப்படமாகவும் வந்தது. ஃபிரானின் நினைவை நம்பலாமா என்று தவித்தவர், ஒரு நாட்டின் நினைவை நம்பலாமா என்று இங்கே தவிப்பார். என்னைக் கேட்டால், இந்த வகையில் முதலில் விளையாட வேண்டியது இதுதான்.

அதே குழுவினர் 2019இல் வெளியிட்ட 'டிவோஷன்', 1980களின் தைப்பே நகர அடுக்குமாடி வீடு ஒன்றில், நோயுற்ற மகளையும் குருட்டு நம்பிக்கையில் சிக்கிய தந்தையையும் பற்றியது. சீன அதிபரைக் கேலி செய்யும் சொற்கள் ஒரு சுவரொட்டியில் இருந்தது தெரியவந்து எழுந்த எதிர்ப்பால், வெளியான சில நாள்களிலேயே அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. 2021இல் குழுவினர் தங்கள் சொந்தத் தளத்தில் அதை மீண்டும் விற்பனைக்கு வைத்தார்கள். ஆகவே கடைப் பட்டியல்களில் மட்டும் தேடுபவர் இதைக் காண மாட்டார்.

மூன்றாவதாக, பூனையைச் சொல்பவர்கள். பொல்லாத உலகத்தில் ஒரு குழந்தை அன்பைத் தேடி நடக்கிறது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தோம் என்பதுதான் அவர்கள் நினைவில் நிற்பது. அவர்களுக்குத் திகில் ஒரு பின்னணி இருள். இருள் இருந்தால்தான் விளக்கு தெரியும். இவர்களுக்கு ஜப்பானில் 2012இல் இலவசமாக வெளிவந்து, 2022இல் மெருகேறி மறுபதிப்பான 'இப்' பொருந்தும். ஓவியக் கண்காட்சியில் பெற்றோரைப் பிரிந்து, ஓவியங்களுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும் ஒன்பது வயதுச் சிறுமியின் கதை. அவள் கையில் ஒரு ரோஜா இருக்கிறது. அவளுக்குக் காயம் படும்போது இதழ் உதிர்கிறது. பூச்சாடித் தண்ணீரில் வைத்தால் மீண்டும் மலர்கிறது. வழியில் உடன்சேர்பவர்களிடம் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது. 2020இல் வந்த 'ஒமோரி' இதே இழையை இன்னும் ஆழமாகத் தொடுகிறது. ஆனால் அது இருபது மணி நேரத்தைத் தாண்டக்கூடிய நீண்ட பயணம், இடையிடையே முறைவைத்து ஆடும் சண்டைகளும் உண்டு. புதிருக்காக வந்தவர் அங்கே பொறுமை இழப்பார். பூனைக்காக வந்தவர் அழுவார்.

கில்மண்டே கேம்ஸே 2019இல் வெளியிட்ட 'லிட்டில் மிஸ்ஃபார்ச்சூன்' விளையாட்டைப் பலர் அடுத்ததாக எடுக்கிறார்கள். படைத்தவர்கள் அவர்களே, ஓவியமும் அவர்களுடையதே. ஆனால் அதில் புதிர் மிகக் குறைவு. நடப்பதும், கேட்பதும், அவ்வப்போது இரண்டில் ஒன்றைத் தேர்வதும்தான். மூன்றாம் வகையினருக்கு அது விருந்து. மாத்திரையை விரும்பியவருக்கு ஏமாற்றமாகவே இருக்கும். படைப்பாளி ஒருவரே என்பதுகூட உத்தரவாதம் ஆகாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

விளையாடுபவரின் உந்துதலை வகைப்படுத்தும் முயற்சி புதிதல்ல. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய 'மட்' என்னும், பலர் கூடி எழுத்தின் வழியே ஆடும் விளையாட்டை உருவாக்கிய இருவருள் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் எழுதிய கட்டுரையில், ஆடுபவர்களைச் சாதிப்பவர், ஆராய்பவர், பழகுபவர், தாக்குபவர் என்று நான்காகப் பிரித்தார். பின்னாளில் நிக் யீயும் அவருடைய கூட்டாளியும் தொடங்கிய குவாண்டிக் ஃபவுண்ட்ரி என்னும் ஆய்வு நிறுவனம் அதைப் பன்னிரண்டு உந்துதல்களாக விரித்தது. தனியாக அமர்ந்து திகில் புதிர் ஆடும் நமக்கு அந்தப் பன்னிரண்டில் பொருந்துவன கதை, கற்பனை உலகில் மூழ்குதல், கண்டறிதல், சவால் என நான்கு இருக்கலாம். அச்சத்துக்கு அதில் தனி இடம் இல்லை. 'பரபரப்பு' என்பதுதான் அதற்கு அருகில் வருகிறது. பரபரப்பும் அச்சமும் ஒன்றல்ல என்பது இந்த வகை விளையாட்டை விரும்புபவர் அனைவருக்கும் தெரியும். ஆகவே அந்த அட்டவணைகளை மதித்து வாசியுங்கள், ஆனால் உங்கள் ஒற்றை வாக்கியத்தை அவற்றுக்காகத் திருத்தாதீர்கள்.

நடைமுறையில் ஒன்று. இத்தகைய விளையாட்டுகள் பெரும்பாலும் மூன்று முதல் எட்டு மணி நேரத்துக்குள் முடிபவை. அவை தம் குணத்தை முதல் ஒரு மணி நேரத்திலேயே காட்டிவிடும். ஸ்டீம் கடையில் வாங்கி 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்கும் முன் விமர்சனங்களைப் படிக்கும்போது, 'அருமை', 'பயங்கரம்' என்பவற்றைக் கடந்துபோய், குறை சொல்லும் விமர்சனங்களை வாசியுங்கள். 'புதிரே இல்லை, வெறுமனே நடக்கிறோம்' என்று ஒருவர் கோபப்பட்டிருந்தால், பூனையை விரும்பியவருக்கு அதுவே நற்சான்று.

கேள்வி: எனக்கு வயது நாற்பத்தைந்து. புதிர் என்றால் உயிர். திகில் விளையாட்டுகளின் கதையும் இருட்டும் எனக்குப் பிடிக்கின்றன. ஆனால் ஏதாவது ஒன்று துரத்தத் தொடங்கியதும் கை நடுங்கி, விளையாட்டை மூடிவிடுகிறேன். அதன்பின் திறப்பதே இல்லை. துரத்தல் இல்லாத திகில் உண்டா, அல்லது நான் இந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லதா?
– அலுவலகப் பணியாளர் ஒருவர்

பதில்: தாராளமாக வாருங்கள். அச்சம் கூடக்கூட இன்பமும் கூடும் என்பது தவறான கணக்கு. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காசு கொடுத்துப் பயந்துவிட்டு வரும் 'பேய் வீடு' ஒன்றுக்குப் போனவர்களின் இதயத்துடிப்பை அளந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அச்சம் மிகக் குறைந்தாலும் இன்பம் குறைகிறது, மிகுந்தாலும் குறைகிறது, இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில்தான் உச்சம் இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. அந்த நடு இடம் ஆளுக்கு ஆள் வேறுபடும். உங்களுடையது துரத்தலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது, அவ்வளவே.

இதைப் படைப்பாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். சுவீடனின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் 2015இல் வெளியிட்ட 'சோமா', கடலடியில் கைவிடப்பட்ட ஆய்வு நிலையத்தில் நடப்பது. மனிதனின் நினைவைப் பிரதி எடுத்தால் அந்தப் பிரதி யார் என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாக எழுப்பிய விளையாட்டை நான் அறியேன். ஆனால் அதில் துரத்தும் உருவங்கள் உண்டு. அவற்றுக்கு அஞ்சியே பலர் கதையைப் பாதியில் விட்டார்கள். 2017 டிசம்பரில் அந்நிறுவனம் 'பாதுகாப்பான முறை' என்ற தெரிவைச் சேர்த்தது. அதில் உருவங்கள் அங்கேயேதான் உலவும், உங்களைக் கொல்லாது. எதையும் வெட்டிவிடாமல், இருட்டையும் தனிமையையும் அப்படியே வைத்துக்கொண்டு, நடுக்கத்தை மட்டும் விலக்கினார்கள். தயங்காமல் அந்த முறையிலேயே ஆடுங்கள். அதைக் குறைந்த அனுபவமாக எண்ண வேண்டாம்.

ஆனால் புதிர்தான் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு உரியது லூகாஸ் போப் 2018இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. ஆண்டு 1807. காணாமல்போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று ஆளில்லாமல் கரைக்குத் திரும்பி வருகிறது. நீங்கள் இழப்பை மதிப்பிட வந்த அதிகாரி. உங்கள் கையில் உள்ள கடிகாரத்தை ஒரு பிணத்தின் அருகே திறந்தால், அந்த உயிர் பிரிந்த கணம் உறைந்த காட்சியாக உங்களைச் சூழ்ந்து நிற்கும். அதற்குமுன் பேசிய சில சொற்கள் காதில் விழும். கப்பலில் இருந்த 60 பேரும் யார், எப்படி மாண்டார்கள் அல்லது என்ன ஆனார்கள் என்பதை ஏட்டில் நிரப்ப வேண்டும். ஒரு மனிதர் தூங்கும் தொங்கு படுக்கையின் எண், அணிந்திருக்கும் காலணி, பேச்சின் உச்சரிப்பு, யார் அருகில் நிற்கிறார் என்பது, இவையெல்லாம் சான்றுகள். மூவரின் விதியைச் சரியாக எழுதினால்தான் சரி என்று ஏடு ஒப்புக்கொள்ளும். ஆகவே குருட்டாம்போக்கில் எழுதித் தப்பிக்க முடியாது. உறைந்த காட்சிகள் கோரமானவை, கடலிலிருந்து எழுபவை அதைவிடக் கோரமானவை. ஆனால் எதுவும் உங்களைத் துரத்தாது. நடந்து முடிந்துவிட்ட பயங்கரத்தின் நடுவே விளக்குப் பிடித்து நடப்பதுபோல இருக்கும்.

அதை முடித்த பின், லாட்வியாவைச் சேர்ந்த சகோதரர் இருவரின் 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்' விளையாட்டை எடுங்கள். 2022இல் வந்தது. அதுவும் உறைந்த காட்சிகளிலிருந்து பெயர்களையும் நோக்கங்களையும் பொறுக்கி எடுத்து வாக்கியங்களை நிரப்பும் விளையாட்டுதான்.

கேள்வி: ஆங்கிலம் எனக்குத் தடுமாற்றம். கதை விளையாட்டுகள் என்றால் பக்கம் பக்கமாக ஆங்கில வசனம் வருகிறது. வாசித்துப் புரிந்துகொள்வதற்குள் பயமே போய்விடுகிறது. மொழி இல்லாமல் கதை சொல்லும் திகில் விளையாட்டுகள் இருக்கின்றனவா?
– வாசகர் ஒருவர்

பதில்: இருக்கின்றன, இந்தத் துறையின் மிகச் சிறந்த படைப்புகளில் சில அவையே. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உள்ள பிளேடெட் நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'லிம்போ'வில் ஒரு சொல்கூட உரையாடல் கிடையாது. கருப்பு வெள்ளைக் காட்டில் கண்கள் மட்டும் ஒளிரும் ஒரு சிறுவன் நடக்கிறான். ஆற்றைக் கடக்க, பெட்டியைத் தள்ள, பொறியைத் தவிர்க்க நீங்கள் கண்டுபிடிக்கும் வழிகளே கதை. முதலில் உங்களைக் கொன்ற பொறியை, சற்றுத் தள்ளி வேறொன்றைக் கொல்ல நீங்களே இழுத்துச் செல்லும்போது, பேசாமலேயே உங்களைப் பற்றி எதையோ சொல்லிவிடும். அதே நிறுவனத்தின் 'இன்சைட்' 2016இல் வந்தது. அதன் ஒலியமைப்பாளர் மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன், ஒலிகளை உண்மையான மனித மண்டையோட்டின் வழியே செலுத்திப் பதிவு செய்து பயன்படுத்தினார். நம் குரல் நமக்குள்ளே எலும்பின் வழி எப்படிக் கேட்குமோ அந்தத் தன்மை வேண்டும் என்பதற்காக. ஆகவே வசனம் வாசிக்கும் நேரத்தையெல்லாம் காதுக்குக் கொடுங்கள். ஹெட்ஃபோன் இல்லாமல் இதை ஆட வேண்டாம்.

சுவீடனின் டார்சியர் ஸ்டூடியோஸ் உருவாக்கிய 'லிட்டில் நைட்மேர்ஸ்' (2017) விளையாட்டிலும் அதன் இரண்டாம் பாகத்திலும் (2021) பேச்சு கிடையாது. மஞ்சள் மழைக்கோட்டு அணிந்த சின்னஞ்சிறு உருவம், மேசையும் கதவும் மலைபோல் உயர்ந்த ஒரு கப்பலுக்குள் பதுங்கிப் பதுங்கிப் போகிறது. பெரியவர்களின் உலகத்தைக் குழந்தை எப்படிப் பார்க்கும் என்பதைச் சமையலறை ஒன்றின் அளவைக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். முந்தைய கேள்வியை எழுதிய அன்பர் இதைத் தவிர்க்கலாம், துரத்தல் உண்டு.

இவற்றைவிட மென்மையாக ஒன்று வேண்டுமென்றால், செக் நாட்டின் அமானிட்டா டிசைன் 2020இல் வெளியிட்ட 'கிரீக்ஸ்'. இருட்டில் உலவும் விலங்குகள், விளக்கொளி பட்டதும் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களாகிவிடுகின்றன. இரவில் நாற்காலியில் கிடந்த சட்டையைப் பேயென்று நினைத்துப் பயந்த குழந்தைப் பருவம் எல்லோருக்கும் உண்டல்லவா, அதையே முழுப் புதிராக்கியிருக்கிறார்கள்.

மொழியைப் பற்றி எழுதியதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமத்தைக் களமாகக் கொண்டு, பென்சிலால் வரைந்த படங்களைக் கொண்டே கட்டப்பட்ட 'முண்டாவுன்' என்னும் திகில் விளையாட்டு 2021இல் வந்தது. அதில் பாத்திரங்கள் பேசுவது ஆங்கிலமோ ஜெர்மனோ அல்ல. அந்நாட்டின் நான்கு தேசிய மொழிகளுள் மிகச் சிலரே பேசும் ரோமான்ஷ். உலகம் முழுவதும் அதைத் துணைவரிகளோடுதான் ஆடினார்கள். பாட்டனின் கதை பாட்டனின் மொழியில் கேட்டால்தான் அச்சம் வரும் என்று அந்தப் படைப்பாளி நம்பியிருக்கிறார். தமிழில் விளையாட்டு உருவாக்க நினைக்கும் இளைஞர்கள் யாராவது இதை வாசித்தால், அந்த ஒரு விளையாட்டையாவது விளையாடிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தோழி ஒருத்தி சொன்னாள் என்று ஃபிரான் போவைக் கேட்கிறாள். படங்களைப் பார்த்தால் குழந்தைக் கதைப் புத்தகம் போலத்தான் இருக்கிறது. கொடுக்கலாமா?
– ஒரு தாய்

பதில்: இப்போது வேண்டாம். நாயகி சிறுமி என்பதால் அது சிறுமிகளுக்கான விளையாட்டு ஆகிவிடாது. குழந்தைகள் கொல்லப்படும் காட்சிகளும், மனநோயும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் அதில் வெளிப்படையாகக் காட்டப்படுகின்றன. முதல் பதிலில் நான் புகழ்ந்திருக்கும் 'ஒமோரி'யும் மனச்சோர்வு, தற்கொலை ஆகியவை இடம்பெறும் என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கும் படைப்பு. பார்வைக்குப் பள்ளிக் காதல் கதைபோல் தோன்றும் 'டோகி டோகி லிட்ரேச்சர் கிளப்' குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று தானே அறிவித்துக்கொண்டுதான் தொடங்குகிறது. இந்த வகையில் ஓவியத்தின் இனிமை பெரும்பாலும் ஒரு திரை. மகளிடம் மறுத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். மேலே சொன்ன 'கிரீக்ஸ்' விளையாட்டை அவளோடு சேர்ந்து ஆடுங்கள்.

கேள்வி: நானும் என் தங்கையும் சிறு வயதில் ஒரே கணினியில் புதிர் விளையாட்டுகளைச் சேர்ந்து ஆடியவர்கள். இப்போது அவள் வேறு ஊரில் இருக்கிறாள். திகில் கதை விளையாட்டுகள் எல்லாம் தனியாக ஆடுபவைதாமா?
– ஓர் அக்கா

பதில்: பெரும்பாலும் தனியாக ஆடுபவைதாம், தனிமைதான் அவற்றின் எரிபொருள். ஆனால் உங்கள் இருவருக்காகவே செய்ததுபோல் ஒன்று இருக்கிறது. ரஸ்டி லேக் குழுவினர் 2022இல் வெளியிட்ட 'தி பாஸ்ட் விதின்' விளையாட்டைத் தனியாக ஆடவே முடியாது. ஒருவர் கடந்த காலத்தில் இருப்பார், மற்றவர் எதிர்காலத்தில். உங்கள் திரையில் இருப்பது அவளுக்குத் தெரியாது, அவள் திரை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் காணும் குறியீட்டை வாயால் விவரித்தால்தான் அவள் தன் பக்கத்துப் பூட்டைத் திறக்க முடியும். 'அரை வட்டத்துக்குள்ளே ஒரு கண், அதன்மேல் மூன்று கோடு' என்று ஒருவர் சொல்ல, 'எந்தப் பக்கம் கோடு?' என்று மற்றவர் கேட்க, இப்படியே இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் காலங்களை மாற்றிக்கொண்டு மறுமுறை ஆடலாம். அப்போது விடைகளும் மாறியிருக்கும்.

இருவரும் தனித்தனியே ஒரு பிரதி வாங்க வேண்டும். ஒருவர் கணினியிலும் மற்றவர் கைப்பேசியிலும் ஆடினாலும் தடையில்லை. தொலைபேசி அழைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் தாளும் பேனாவும் இருக்கட்டும், திரையைப் படம் பிடித்து அனுப்பும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்; அவளுக்கு நீங்கள் சொற்களாலேயே சொல்ல வேண்டும்.